கன்னியம்மாவின் செல்கள்

வாசு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கப் பார்த்தேன், கை ஓடவில்லை. நான் நலமாக இல்லை. நீ நலமா என்று கேட்டால் நீ பதில் சொல்லப்போவதும் இல்லை. இரண்டு மாதமாக என் ஃபோனை நீ எடுக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உன் அப்பாவோடு பேசுகிறாய். நான் சமையலறையிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வருவதற்குள் "சிக்னல் சரியா இல்லப்பா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். என் காலடிச் சத்தம் கடல் தாண்டி வந்து உன் சிக்னலைக் கெடுக்கிறது என்றால் அதையே ஒரு ஆய்வுக்கட்டுரையாக எழுதலாம். வேறு வழி தெரியாமல்தான் ஊரறிய எழுதுகிறேன். மந்தைவெளியில் இருக்கும் என் சிநேகிதி தன் இணைய இதழில், கோடை வடாம் குறிப்புக்கும் ராசிபலனுக்கும் நடுவில் எனக்கு இடம் கொடுத்திருக்கிறாள். உன் ஊரில் இருக்கும் தமிழர்களில் ஒருவராவது இதை உனக்கு அனுப்பாமலா இருப்பார்? நல்ல செய்தியைவிட இப்படிப்பட்டதை நம் ஜனங்கள் வேகமாக அனுப்புவார்கள். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இது உன் கையில் இருக்க வேண்டும். வெட்கம், மானம் எல்லாவற்றையும் மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் உனக்குத் தெரிந்ததையும் கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அடையாறு பக்கம் ஒரு ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உன் அம்மா வாய்ப்புற்றுநோய்ச் செல்களை வளர்த்துக்கொண்டிருந்தாள். நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த செல்கள் குடுவையில் அதிக நாள் தாங்காது. சில வாரங்களில் செத்துவிடும். எப்போதாவது, நூற்றில் ஒன்றோ ஆயிரத்தில் ஒன்றோ, சாகாமல் பெருகிக்கொண்டே போகும். அப்படி ஒன்று அமைந்தால் அந்த விஞ்ஞானியின் தலையெழுத்தே மாறிவிடும். உலகம் முழுக்க அந்தச் செல்களைக் கேட்டு வாங்குவார்கள், தங்கள் கட்டுரைகளில் அவள் கட்டுரையை மேற்கோள் காட்டுவார்கள். அப்படி ஒவ்வொரு மேற்கோளும் ஒரு சைட்டேஷன். எங்கள் தொழிலில் பதவி உயர்வு, பரிசு, மரியாதை எல்லாம் அதை வைத்துத்தான். எனக்கு அப்படி அமைந்தது ஊரூர் ஒல்காட் குப்பத்தில் மீன் விற்ற கன்னியம்மாவின் செல்கள். புகையிலை அடக்கி அடக்கிக் கன்னத்தில் வந்த புற்று. அறுவை சிகிச்சையில் எடுத்ததில் ஒரு சின்னத் துண்டைக் கேட்டபோது, "எடுத்துக்கோம்மா, எனக்கு இன்னாத்துக்கு அது?" என்று சிரித்தார். சிரிக்கும்போது வலித்திருக்கும். மூன்று மாதத்தில் இறந்துபோனார்.

இந்தச் செல்களின் புகழில்தான் நீ வளர்ந்தாய். நம் ராஜா அண்ணாமலைபுரம் வீட்டுக்கு இன்டர்நெட் வந்த புதிதில், தினம் காலையில் என் கட்டுரையை எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்ப்பது உன் வேலை. நான் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன். நீ ஸ்கூல் யூனிஃபார்மில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து "அம்மா, இன்னைக்கு மூணு ஏறியிருக்கு!" என்று கத்துவாய். உன் அப்பா செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து, "அவுட் ஆகாம ஆடறா உங்கம்மா" என்பார். ஏறாத நாட்களில் நான் உங்கள் இரண்டு பேர் மேலும் எரிந்து விழுந்திருக்கிறேன். உனக்குக் கணக்கில் மார்க் குறைந்தால்கூட அவ்வளவு கோபம் வந்ததில்லை. ஒரு பிள்ளைக்கு எதைக் கற்றுக்கொடுக்கிறோம் என்று அப்போது யோசித்தேனா? அந்த எண் எத்தனை பேர் நம்பினார்கள் என்பதைத்தான் சொல்லும், எத்தனை பேர் சோதித்துப் பார்த்தார்கள் என்பதைச் சொல்லாது என்று உனக்கு நான் ஒரு நாளும் சொல்லவில்லை.

லட்சுமியை உனக்கு நினைவிருக்கும். கன்னியம்மாவின் மகள், நீ 'மீன் அக்கா' என்று கூப்பிடுவாயே. அவளுடைய அம்மாவின் செல்கள் எங்கள் ஆய்வுக்கூடத்தில் உயிரோடு இருக்கின்றன என்று நான்தான் அவளிடம் போய்ச் சொன்னேன். பெருமையாக இருந்தது எனக்கு, அவளுக்கும் ஆறுதலாக இருக்கும் என்று பட்டது. அன்றிலிருந்து நான் மீன் வாங்கப் போகும்போதெல்லாம், "இன்னா மேடம், எங்கம்மா இப்போ எந்த ஊர்ல கீது?" என்பாள். எந்த நாட்டு ஆய்வுக்கூடம் செல்களைக் கேட்டு வாங்கியிருக்கிறதோ அந்தப் பெயரைச் சொல்வேன். ஜப்பான் என்றதும் பக்கத்துக் கடைக்காரியிடம், "கேட்டியா, எங்கம்மா ஜப்பான் போய்க்கினு கீது, நான் இன்னும் திருவல்லிக்கேணி தாண்டல" என்று சிரித்தாள். எடை போட்ட பிறகு இரண்டு சங்கரா மீனை மேலே தூக்கிப் போடுவாள். நானும் வாங்கி வருவேன்.

இப்போது நான் டிசம்பரில் உன்னிடம் சொன்னதற்கு வருகிறேன். பாதிதான் சொன்னேன் என்பதையும் சேர்த்து. வேறு ஊர் ஆராய்ச்சி மாணவி ஒருத்தி எனக்கு ரொம்பப் பணிவாக எழுதியிருந்தாள். கன்னியம்மாவின் செல்களை டி.என்.ஏ. சோதனை செய்து பார்த்ததாகவும், அவை கன்னியம்மாவின் செல்களாக இருக்க வழியில்லை என்றும், எப்போதோ ஒரு அமெரிக்கப் பெண்ணிடமிருந்து எடுத்து இன்று உலகத்தின் எல்லா ஆய்வுக்கூடங்களிலும் வளர்கிற அந்தப் பழைய கர்ப்பப்பை வாய்ப் புற்றுச் செல்களோடு ஒட்டிப் பொருந்துகின்றன என்றும் எழுதியிருந்தாள். தன் ஆய்வுக்கூடத்தில்தான் குப்பி மாறியிருக்க வேண்டும், தயவுசெய்து மூலக் குப்பியிலிருந்து கொஞ்சம் அனுப்ப முடியுமா என்றும் கேட்டிருந்தாள். ஓய்வு பெற்றவள் வெட்கத்தை விட்டு என் பழைய ஆய்வுக்கூடத்தில் போய் நின்றேன். திரவ நைட்ரஜனில் உறைந்து கிடந்த குப்பிகளில் ஆகப் பழையதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினேன். முடிவு இரண்டு பக்கம். மாணவி சொன்னது சரி. அதற்கும் முந்தைய குப்பி கிடையாது, ஏனென்றால் அதற்கு முன்னால் உறைய வைக்கும் அளவுக்குக் கன்னியம்மாவின் செல்கள் வளரவே இல்லை. நான் வளர்த்தது, பெயர் வைத்தது, ஊர் ஊராக அனுப்பியது எல்லாம் அந்தப் பழைய செல்களை.

எப்படி நடந்திருக்கும் என்பது செல் வளர்ப்பவர்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பழைய செல்களுக்குக் களையின் குணம். ஒன்றே ஒன்று தவறி வேறு குடுவைக்குள் விழுந்தாலும் போதும், சில வாரங்களில் அங்கிருந்ததை அமுக்கிவிட்டுத் தான் மட்டும் நிற்கும். அதனால்தான் ஒவ்வொரு வகைச் செல்லுக்கும் தனி பாட்டிலில் மீடியம், அதாவது செல்கள் தின்று வளரும் திரவம், வைக்க வேண்டும், இரண்டு குடுவைகளை ஒரே நேரத்தில் திறக்கக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். அந்தக் காலத்தில் மீடியம் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். எழுதிப் போட்டால் மாதக்கணக்கில் ஆகும். ஒரே பாட்டிலை இரண்டு குடுவைக்கும் நாங்கள் எல்லோருமே பயன்படுத்தினோம். ஒரு சனிக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. உன் பள்ளி ஆண்டு விழாவில் நீ காக்கா வேஷம் போட்டிருந்தாய், மயிலாப்பூருக்கு நாலு மணிக்குள் வந்தாக வேண்டும். முதலில் பழைய செல்களுக்கு மீடியம் மாற்றினேன், அதே பிப்பெட் குழாயை அதே பாட்டிலில் முக்கிக் கன்னியம்மாவின் குடுவைக்கு ஊற்றிவிட்டு ஓடி வந்தேன். அன்றைக்குத்தான் நடந்தது என்று சத்தியம் செய்ய மாட்டேன். அப்படி எத்தனையோ சனிக்கிழமை. உன் மேல் பழி போடுகிறேன் என்று நினைத்துவிடாதே, நீ நன்றாகத்தான் பறந்தாய்.

இதுவரை டிசம்பரில் சொன்னேன். சொல்லாததைச் சொல்கிறேன். எனக்கு ஆரம்பத்திலேயே சந்தேகம் இருந்தது. ஆறு மாதமாகச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்த செல்கள் திடீரென்று கிடுகிடுவென்று வளர்ந்தன. தெற்கு மாட வீதியில் ஜாங்கிரி வாங்கி வந்து எல்லோருக்கும் கொடுத்தேன். எங்கள் ஆய்வுக்கூடத்தில் தேவராஜ் என்று ஒருவர் இருந்தார், குடுவை கழுவுவது, நீராவியில் சுத்தம் செய்வது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது பெரியவர், நான் சேர்வதற்கு முன்பிருந்தே அங்கே இருந்தவர். கழுவப் போகும் குடுவையை ஒரு முறை மைக்ரோஸ்கோப்பில் பார்த்துவிட்டுத்தான் கழுவுவார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, பழக்கம். ஜாங்கிரியைக் கையில் வைத்துக்கொண்டே சொன்னார்: "மேடம், தப்பா நெனச்சிக்காதீங்க. இது அந்தம்மா செல்லு இல்ல. அந்தப் பழசு கீதுல்ல, அதே மாதிரி கீது."

எல்லோருக்கும் முன்னால் நான் என்ன சொன்னேன் தெரியுமா? "தேவராஜ், நீங்க பாட்டில் கழுவுற வேலைய மட்டும் பாருங்க." அவர் ஜாங்கிரியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகு நான் அறையில் இருக்கும்போது அவர் மைக்ரோஸ்கோப் பக்கமே வரவில்லை. ஓய்வு பெறும் நாளில் மாலை போட்டோம், ஒரு குடம் கொடுத்தோம். நான் அவரிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. இப்போது கேட்பதற்கு அவர் இல்லை. அவர் சொன்ன அன்றே நானும் பார்த்தேன், வாசு. கதவைச் சாத்திக்கொண்டு இரண்டு குடுவையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. கண் பார்த்ததை நம்பவில்லை, நம்ப விரும்பவில்லை. உன் ஆய்வுக்கூடத்தில் குடுவை கழுவுகிறவர் எதையாவது சொன்னால் எழுந்து நின்று கேள். நான் உனக்குத் தரக்கூடிய புத்திமதியில் உருப்படியானது இது ஒன்றுதான்.

இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் என்னைத் தின்கிறது. மற்ற அம்மாக்கள் வெளிநாடு போகிற பிள்ளைக்கு ஆவக்காய் கட்டிக் கொடுப்பார்கள். நான் உனக்கு இந்தச் செல்களைக் கொடுத்து அனுப்பினேன். உன் முனைவர் பட்டம் அதில்தான். நாம் இரண்டு பேரும் இன்னும் இருவரோடு சேர்ந்து எழுதிய கட்டுரையில் உன் பெயர் முதலில், என் பெயர் கடைசியில். அச்சுக்கு அனுப்பும்போது ஆய்வுப் பத்திரிகை ஒரு கேள்வி கேட்டது: செல்கள் யாருடையவை என்று சோதித்துவிட்டீர்களா? நீ எனக்கு ஃபோன் செய்து, "அம்மா, இந்த டெஸ்ட் பண்ணியிருக்கோமா?" என்றாய். நான் அடுப்பில் ரசத்தைப் பார்த்துக்கொண்டே, "எல்லாம் பண்ணியாச்சுடா, ஆமான்னு போடு" என்றேன். பண்ணவில்லை. பண்ணினால் என்ன வரும் என்று பயம். அம்மா சொன்னால் சரியாக இருக்கும் என்று நீ போட்டாய். உன்னிடம் நான் சொன்ன பொய்களில் இதைவிடப் பெரியது கிடையாது.

டிசம்பரில் நம் சமையலறையில் நீ கேட்டது ஒன்றும் தப்பில்லை. "நீ ரிட்டயர் ஆயிட்டே. உனக்கு இழக்க என்னம்மா இருக்கு? எனக்கு ஜூன்ல இன்டர்வியூ. நீ செஞ்சதுக்கு நான் ஏன் நடுத்தெருவுல நிக்கணும்?" அந்த உத்தியோகத்துக்காக எட்டு வருஷம் நீ பட்ட பாடு எனக்குத் தெரியும். ஜூன் வரைக்கும் வாயைத் திறக்க மாட்டேன் என்று உன் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தேன். பிப்ரவரியில் அந்தச் சத்தியத்தை மீறினேன். ஒரு வெளிநாட்டு மருத்துவமனை வாய்ப்புற்றுநோயாளிகளுக்குப் புது மருந்து ஒன்றைக் கொடுத்துப் பார்க்கப் போகிறது. யாருக்கு அந்த மருந்து வேலை செய்யும், யாருக்கு வேண்டாம் என்று பிரிப்பதற்கு அவர்கள் சுட்டிக்காட்டியிருப்பது நம் கட்டுரையை. நம் கட்டுரையில் வாய்ப்புற்றே கிடையாதே, கண்ணா! அங்கே உட்கார்ந்திருக்கப் போகிறவர் இன்னொரு கன்னியம்மா இல்லையா? அந்த அறிவிப்பைப் படித்த அன்றே பத்திரிகைக்கும் அந்த மருத்துவமனைக்கும் எழுதிவிட்டேன். உன்னிடம் கேட்டுவிட்டு எழுதியிருக்கலாம். கேட்டால் நீ அழுவாய், நீ அழுதால் நான் எழுத மாட்டேன் என்று தெரிந்துதான் கேட்கவில்லை.

நீ ஃபோனை எடுக்காமல் போன பிறகு ஒரு காலையில் லட்சுமியிடம் போனேன். அவள் ஒரு பெரிய வஞ்சிரத்தைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தாள். வழக்கம்போல, "இன்னா மேடம், ஆளையே காணோம், எங்கம்மா எங்க கீது?" என்றாள். பக்கத்தில் குந்தி உட்கார்ந்து சொன்னேன். தப்பு நடந்துவிட்டது, நாங்கள் வளர்த்தது வேறு யாருடைய செல்களோ, உங்கள் அம்மாவுடையது முதல் வருஷமே செத்துப்போயிருக்கும் என்று சொன்னேன். அவளுக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. கத்தியைக் கீழே வைத்தாள்.

"அப்போ எங்கம்மா எங்கயும் இல்லியா?"

"இல்ல லட்சுமி."

"இத்தினி வருசமா நான் கேட்டுக்கினு கீறேன், நீ ஊர் பேரு சொல்லிக்கினு கீறே."

"தெரியாம சொன்னேன்" என்றேன். அங்கேயும் ஒரு பொய், பார். பாதி தெரிந்துதானே சொன்னேன். அவள் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எழுந்து தெருக் குழாயடிக்குப் போய், சாவுச் செய்தி கேட்டவர்கள் செய்வதுபோல, கட்டிய புடவையோடு தலையில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றிக்கொண்டாள். பக்கத்துக் கடைக்காரி ஓடி வந்து, "இன்னாடி ஆச்சு, யாருடி?" என்று கேட்டாள். "எங்கம்மா" என்றாள் லட்சுமி. அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நனைந்தபடியே திரும்பி வந்து, "நீ போ மேடம். இன்னிக்கு வியாபாரம் இல்ல" என்றாள். கடற்கரை வரைக்கும் நடந்து போனேன், எப்படி வீட்டுக்கு வந்தேன் என்று தெரியவில்லை.

உனக்கு இதையெல்லாம் சொல்வது உன் மனசை இளக்குவதற்காக என்று நீ நினைப்பாய். ஆமாம், அதற்காகத்தான். வேறெதற்கு? ஆனால் ஒரு கணக்கை மட்டும் நீயே போட்டுப் பார். டிசம்பர் வரைக்கும் நீ ஏமாந்தவன்; ஏமாற்றியவள் நான். பத்திரிகைக்கு எழுதிய கடிதத்தில் அதைத் தெளிவாகப் போட்டிருக்கிறேன்: என் மகன் என்னை நம்பினான், சோதனை நடந்ததாக அவனிடம் பொய் சொன்னவள் நான் என்று. யார் கேட்டாலும் எந்த இன்டர்வியூ அறைக்கு வந்தும் சொல்வேன். ஆனால் டிசம்பருக்குப் பிறகு உனக்கும் தெரியும். அதற்குப் பிறகு நீ மௌனமாக இருக்கிற ஒவ்வொரு நாளுக்கும் நான் பொறுப்பேற்க முடியாது. உன் ஜுரத்தை நான் வாங்கிக்கொள்ள எத்தனையோ தடவை வேண்டியிருக்கிறேன், சாமி தந்ததில்லை. இதையும் தர மாட்டார். வேலை போனால் வேறு வேலை. சாப்பாட்டுக்கு நம் வீடு இருக்கிறது. தெரிந்தே மூடி வைத்துவிட்டு ஒரு ஆராய்ச்சியாளன் எப்படி இருப்பான் என்று உன் வீட்டிலேயே ஒரு உதாரணம் இருக்கிறது. எனக்குப் பரிசு கொடுத்த மேடைகளில் எல்லாம் கடைசி வரிசையில் தேவராஜ் உட்கார்ந்திருக்கிறாரா என்று தேடியிருக்கிறேன். கைதட்டல் காதில் விழுந்ததில்லை.

என்னுடைய பழைய கட்டுரை போய்விட்டது, தப்பு என்று ஊரறிய அறிவித்துத் திரும்பப் பெற்றாயிற்று. மிச்சம் நம் கட்டுரை. அதை எழுதியவர்கள் நான்கு பேர். ஒரு கட்டுரையைத் திரும்பப் பெறும்போது எழுதிய ஒவ்வொருவரும் என்ன சொன்னார்கள் என்பதையும் சேர்த்து அச்சிடுவது வழக்கம், உனக்குத் தெரியும். மூன்று பேர் சம்மதம் சொல்லிவிட்டோம். உன் பெயருக்கு எதிரே பத்திரிகை ஆசிரியர் மூன்று கட்டம் வைத்து அனுப்பியிருக்கிறார்: சம்மதிக்கிறார், மறுக்கிறார், தொடர்புகொள்ள இயலவில்லை. உனக்கு மூன்று முறை எழுதிவிட்டாராம். வெள்ளிக்கிழமைக்குள் பதில் இல்லை என்றால் மூன்றாவதைப் போட்டு வெளியிட்டுவிடுவார். நம் கட்டுரை இருக்கிற காலம் வரைக்கும் அந்த வரியும் அதன் தலையில் இருக்கும்.

சம்மதி என்று உன் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன். முடியவில்லையா, மறுத்துவிடு. அம்மாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது, அவள் சொல்வது தப்பு என்று எழுது. அதையும் படித்துக்கொள்கிறேன். மறுக்கிறவனோடு சண்டை போடலாம், நடுவில் அவனுக்குச் சாப்பாடு போடலாம். ஆனால் என் பிள்ளையை யாராலும் தொடர்புகொள்ள இயலவில்லை என்று அச்சில் வந்து, அதற்குப் பக்கத்திலேயே என் பெயரும் இருந்து, அதை நான் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்றால் என்னால் ஆகாது, வாசு. ஒரு வார்த்தை போதும். எனக்கு எழுத வேண்டாம், அவர்களுக்கு எழுது.

அம்மா